குதிகால் தெளிவாகத் தெரிய வேண்டும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் இங்கே சௌக்கியம். போன கடிதத்தில் இதே வாக்கியத்தை எழுதியபோது அது பாதிப் பொய். இந்த முறை முழுக்க உண்மை. அங்கே நீயும் உன் மனைவி மக்களும் அதே போல் இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய வீடியோ கேமரா வந்து இரண்டு மாதமாகிறது. கிடைத்தது என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அதற்குக் காரணம் மறதி என்று நீ நினைத்திருப்பாய். மறதி இல்லை, கோபம். இப்போது அது தீர்ந்துவிட்டது. தீர்ந்த கோபத்தைச் சொல்வதில் தப்பில்லை என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

உன் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்ததும், இடுப்பெலும்பில் கம்பி வைத்துத் தைத்ததும், வாக்கரோடு வீடு திரும்பியதும் உனக்குத் தெரியும். அந்த நாட்களில் இந்த வீட்டில் திடமாக இருந்தவன் நான் ஒருவன்தான். வாரத்துக்கு ஒரு நாள் நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வருகிறாள். வயது இருபத்தெட்டு இருக்கும், கண்டிப்பு ஐம்பது வயதுக்கு. படுக்கையறை வாசலிலிருந்து சமையலறை வரை நடைவழியில் தினமும் பத்துத் தடவை போய்வர வேண்டும் என்றாள். போகும்போது, "யாராவது வீடியோ எடுத்து வைங்க. நான் வர்றப்போ டிவில போட்டுப் பார்க்கறேன். குதிகால் முதல்ல தரையில படுதான்னு தெளிவாத் தெரியணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் புரூஃப் பார்த்தவனிடம் 'தெளிவாக' என்று ஒரு வார்த்தையைச் சொல்லலாமா? காற்புள்ளியின் வால் உடைந்திருந்தாலே எனக்குச் சோறு இறங்காது. உடனே உனக்கு எழுதினேன். நீயும் உன் பிள்ளைகளைப் படம் எடுத்த கேமராவை அனுப்பி, கூடவே, 'சினிமா மாதிரி வரும் அத்தான்' என்று சீட்டு எழுதி வைத்தாய். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்தச் சீட்டுதான்.

முதல் வாரம் சமையலறை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுத்தேன். டிவியில் போட்டால் கரிக்கட்டையாக ஓர் உருவம் வாக்கரை இரும்புக் கதவு போலத் தள்ளிக்கொண்டு வருகிறது. முகமும் இல்லை, விரலும் இல்லை. பிசியோப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். சரி என்று அடுத்த நாள் திரையை இழுத்து மூடினேன். வெளிச்சம் குறைந்ததும் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நொதித்து, உன் அக்கா எறும்புப் புற்றுக்குள் நடந்து வருவதுபோல ஆயிற்று. குண்டு பல்பைப் போட்டேன், அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. ட்யூப்லைட்டைப் போட்டேன், அவள் மேல் கோடு கோடாக ஓடியது. எல்லாம் ஒருவழியாகச் சரியானபோது கேமரா தன் இஷ்டத்துக்குச் சுவரில் தொங்கிய துண்டைப் பிடித்துக்கொண்டது. துண்டில் இழை இழையாக எண்ணலாம். நடந்து வந்த மனுஷி மட்டும் கண்ணாடி கழற்றினவன் கண்ணுக்குத் தெரிவதுபோலக் கலங்கலாக இருந்தாள்.

இதில் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். பத்துத் தடவை நட என்றால் உன் அக்கா நாலாவது தடவையே கால் கெஞ்சுகிறது என்று உட்கார்ந்துவிடுகிறவள். படம் கெட்டுவிட்டது, இன்னொரு தடவை வா என்று நான் சொன்னால் மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ பலம் வந்துவிடும். ஒரு பெட்டியை நேராகப் பிடிக்கத் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டதைப் பற்றிப் போகும்போது பாதி, வரும்போது மீதி என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். ஒரு நாள் பதினெட்டுத் தடவை நடந்தாள். திட்டு தீர்ந்திருந்தால் பத்தோடு நிறுத்தியிருப்பாள்.

அடுத்து என் கை நடுக்கம். கப்பலில் எடுத்த மாதிரி இருக்கிறது என்றாள் பிசியோப் பெண். இஸ்திரி மேஜையை நிறுத்தி அதன்மேல் கேமராவை வைத்தேன். பாதி நடையில் மேஜை தானாகவே மடங்கிக்கொண்டது. கேமரா அழுக்குத்துணிக் கூடைக்குள் விழுந்ததால் பிழைத்தது. நடைவழியில் இடம் போதாமல் அலமாரியை நகர்த்தியபோது கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்து, வீட்டைக் காலி செய்கிறீர்களா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் போய் நாலு கஜம் வெள்ளைத் துணியோடு திரும்பினார். அவர் துணியை விரித்துப் பிடிக்க, வெளிச்சம் அதில் பட்டு அக்காவின் காலில் விழ, முதல்முறையாகக் கணுக்கால் தெரிந்தது. தரையும் சாம்பல் நிறம், காலுறையும் சாம்பல் நிறம் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மறுநாளே காலுறையின் குதியில் சிவப்பு நாடா தைத்துக் கொடுத்தார். அப்படியும் பிசியோப் பெண் தலையைச் சாய்த்து, "பரவால்ல, ஆனா இன்னும் தெளிவா வேணும்" என்றாள். அவளை அச்சகத்தில் வேலைக்கு வைத்திருந்தால் என்னை ஒரே வாரத்தில் அனுப்பியிருப்பார்கள்.

ஆறாவது வாரம் தையல்காரருக்குக் கடையில் வேலை அதிகம். நான் தனியாகவே குனிந்து, கேமராவை முழங்கால் உயரத்தில் பிடித்து, அக்கா முன்னே வர வர நான் பின்னே போய்க்கொண்டிருந்தேன். அவள் நின்று மூச்சு வாங்கினாள். நான் நிற்காமல் போய்ச் செருப்பு அலமாரியில் இடித்து மல்லாந்தேன். கேமரா எங்கோ வழுக்கிக்கொண்டு போயிற்று. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட கரப்பான்பூச்சி போலக் காலை உதைத்தேன். எழ முடியவில்லை. அந்தக் கோடியில் வாக்கர் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. மறு நிமிஷம் தலைக்கு மேலே அவள் முகம்.

"எங்க அடி? இடுப்பா? அசையாதீங்க, அப்படியே இருங்க" என்றாள்.

எனக்கு அடி ஒன்றுமில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் வாக்கர் நடைவழியின் அந்தக் கோடியில் கிடப்பதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பிடித்து மெதுவாகச் செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தேன். புரண்டு எழ வழி தெரிந்த பிறகும் எழவில்லை.

அந்த வாரம் பிசியோப் பெண் வந்ததும் படத்தைப் போட்டேன். ஒருக்களித்து விழுந்த கேமரா தன்பாட்டில் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தரை சுவர்போல நிமிர்ந்து நிற்க, அதில் இரண்டு பாதங்கள் மட்டும் வருகின்றன. பக்கத்தில் வாக்கரின் கால் இல்லை. சிவப்பு நாடா ஒவ்வொரு அடியிலும் முதலில் தரையைத் தொடுகிறது. மொத்தம் பதினோரு அடி. நாடாவின் தையல் தெரிகிறது, நான் பெருக்காமல் விட்ட தூசிகூடத் தெரிகிறது. அந்தப் பெண் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே பார்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். பிறகு வாக்கரை மடித்துத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். கைத்தடி போதுமாம். முப்பத்தோரு வருஷம் பிழை தேடியே பழகிய கண் இது. அந்தக் கோணல் படத்தில் திருத்த எனக்கு ஒரு புள்ளிகூட அகப்படவில்லை.

ஆகவே உனக்கு என் மனமார்ந்த நன்றி. நீ சொன்னபடி சினிமா மாதிரி வந்திருந்தால் ஒரு தடவையோடு படம் முடிந்திருக்கும், உன் அக்கா இன்றும் நாலாவது தடவையில் உட்கார்ந்திருப்பாள். உன் கேமரா மட்டமாக இருந்ததால்தான் அவள் நடந்தாள். இவ்வளவு மோசமான ஒரு பொருளை வைத்திருந்து, தக்க சமயத்தில் எங்களுக்குக் கொடுத்த உன் கை வாழ்க. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, கேமராவைக் குறை சொல்லாதீர்கள் என்றாள். முதல் வாரத்துக் கரிக்கட்டைப் படத்திலேயே கால் விழுவது நன்றாகத் தெரிகிறது என்றும், இனிமேல் எடுக்கவே வேண்டாம் என்றும் பிசியோப் பெண் அன்றே சொல்லிவிட்டாளாம். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்த நேரம். "'நான் விழுந்த நாள்லேர்ந்து இவர் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல. சாப்பாடும் இறங்கல. படம் சரியில்லன்னு மட்டும் சொல்லுங்க, எழுந்து ஓடுவார்'னு நான்தான் அவகிட்ட சொன்னேன்" என்றாள். கீழ்வீட்டுத் தையல்காரரை மேலே வந்து எட்டிப் பார்க்கச் சொல்லிவைத்ததும் அவள்தானாம். அப்படியானால் நடந்துகொண்டே என்னைத் திட்டிய கோபமெல்லாம் நடிப்பா என்று கேட்டேன். "அது நிஜம்" என்றாள். மேலே நான் உனக்குச் சொன்ன நன்றியை ரத்து செய்யவில்லை, அதில் பெரிய பங்கு மட்டும் உன் அக்காவுக்கு மாறுகிறது. கேமராவை இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை. நாளை காலையிலிருந்து நான் நடக்க வேண்டுமாம், அவள் படம் எடுப்பாளாம். ஒரு கையில் தடி, ஒரு கையில் கேமரா. எத்தனை தடவை என்று கேட்டேன். படம் வருவதைப் பொறுத்து என்கிறாள்.