ஏழைக்கு ஒரு கதிரை

கிறிஸ்து பிறந்த நத்தார் தினம் நடுப்பகலாகியும் எமல்டா டீச்சர் வீட்டுக்கு ஓர் ஏழைகூட வந்து சேரவில்லை.

மேசையில் மஞ்சள் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கோழிக் கறி, கத்தரிக்காய் மோஜு, பருப்பு, பொரித்த அப்பளம், பீங்கான் தட்டில் நறுக்கி அடுக்கிய கேக் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. டீச்சருக்கு ஒரு கதிரை, கணவர் ராஜலிங்கத்துக்கு ஒரு கதிரை. மூன்றாவது கதிரைக்குப் புது உறை மாட்டி, அதன் முன்னால் நல்ல தட்டொன்றும் வைத்தாயிற்று. உட்காரத்தான் ஆள் இல்லை.

எல்லாம் நிரோஷன் ஃபாதரின் பிரசங்கத்தால் வந்த வினை. ஃபாதர் இளம் வயதுக்காரர். கண்டியில் ஒரு பூசை, புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டக் கோயிலில் ஒரு பூசை என்று மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிபவர். போன ஞாயிறு பீடத்தில் நின்றுகொண்டு, நிறைமாதக் கர்ப்பிணி மரியாளுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை, நம்மைப் போல நல்ல மனிதர்கள்தான் என்று ஆரம்பித்தார். கொடுக்கிற கை மேலேயும் வாங்குகிற கை கீழேயும் இருக்கும் வரைக்கும் அதற்குப் பெயர் தருமம், நத்தார் இல்லை என்றார். ஆகவே இந்த வருஷம் யாருமில்லாத ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் வாயை மூடுமுன் எமல்டா டீச்சர் எழுந்துவிட்டார். ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தே தலை நரைத்தவர். எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் கையுயர்த்திப் பழக்கம். தங்கள் வீட்டில் ஒரு கதிரை நிச்சயம் என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பகட்டுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே மனம் உருகித்தான் சொன்னார். ஆனால் அந்த ஏழை எங்கேயிருந்து, எந்த வழியாக வருவார் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. கதிரையைப் போட்டு வைத்தால் வந்துவிடுவார் என்று இருந்துவிட்டார்.

இப்போது கோயிலின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் நெஞ்சு திக்கென்றது. அடுத்த தெரு நிலூஷா, தன் மேசையில் இரண்டு முதியவர்களை உட்கார வைத்துப் படம் போட்டிருந்தார். ஒருவரைக் கேட்டோம், ஆண்டவர் இருவரைத் தந்தார் என்று கீழே ஒரு வாசகம் வேறு.

டீச்சர் கணவரைக் கட்டுகஸ்தோட்டைச் சந்திக்கு விரட்டினார். ராஜலிங்கம் வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் பேருக்குக் கடன் இல்லை என்று சொன்ன அனுபவம் உண்டே தவிர, ஒருவரைச் சாப்பிட வாருங்கள் என்று தெருவில் நின்று கூப்பிட்ட அனுபவம் இல்லை. வியர்க்க விறுவிறுக்கத் தனியாகவே திரும்பி வந்தார்.

சந்தியில் லொத்தர் சீட்டு விற்கும் கிழவரைக் கண்டாராம். அவர் ஏற்கெனவே இரண்டு வீட்டில் சாப்பிட்டாயிற்று, மூன்றாவது வீட்டு வேன் வந்து நிற்கிறது, வேண்டுமானால் தேநீர் நேரத்துக்கு வருகிறேன் என்றாராம்.

டீச்சர் அதிர்ந்துபோய்க் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "கண்டியில ஏழைகளுக்குமா தட்டுப்பாடு?"

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா என்று ராஜலிங்கம் மெதுவாகக் கேட்டார். மதில் தகராறில் அவர்களோடு முகம் பார்த்துப் பேசி எத்தனையோ நத்தார் போய்விட்டது. டீச்சர் முறைத்த முறைப்பில் அந்த யோசனை அங்கேயே செத்தது.

அப்போதுதான் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. கேற்றடியில் ஒரு மெலிந்த மனிதர் நின்றார். வெளுத்த வெள்ளைச் சட்டை, கையில் ஒட்டுப் போட்ட குடை. தன் பெயர் சவரிமுத்து என்றும், புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வருவதாகவும், நிரோஷன் ஃபாதர்தான் அனுப்பினார் என்றும் சொன்னார்.

ஆண்டவரே, மறக்கவில்லையே என்று டீச்சருக்குக் கண் நிறைந்தது. கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்து வந்து விறாந்தையில் இருத்தினார். வந்தவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, ஒரு விசயம் கேக்கலாம்னு வந்தோம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். கேக்காமலே குடுக்கணும்னுதான் ஃபாதர் சொல்லியிருக்காரு."

சவரிமுத்து திகைத்துப்போய்க் குடையின் ஒட்டைத் தடவ ஆரம்பித்தார். அவர் கூச்சப்படுகிறார் என்று டீச்சருக்குப் புரிந்தது. இந்த மனிதரைக் கொண்டுபோய் அந்த மேசைக்கு முன்னால் இருத்தினால் கூனிக் குறுகிப் போய்விட மாட்டாரா? மேலே கை, கீழே கை என்று ஃபாதர் சொன்னது இதைத்தானே?

டீச்சர் உள்ளே ஓடினார். கோழிக் கறி குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது. கேக் அலுமாரிக்குள் போனது. பீங்கான் தட்டுகள் போய்ப் பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. சோறும் பருப்பும் மோஜுவும் மட்டும் மேசையில் மிஞ்சின. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, நத்தார் சேலையை மாற்றி வீட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டார். கோட்டும் டையுமாக நின்ற ராஜலிங்கத்தைச் சாயம் போன சாரத்துக்கு மாற்றினார். மனிதர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை.

சவரிமுத்து மேசையைப் பார்த்தார். ஆறிய சோற்றைப் பார்த்தார். ராஜலிங்கத்தின் சாரத்தைப் பார்த்தார். வேறு யாராவது வர இருக்கிறார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருமே வரல," என்றார் டீச்சர். "நீங்க ஒருத்தர்தான்."

வந்தவரின் முகம் வாடிவிட்டது. வண்டி நிற்கிறது, நேரமாகிறது, அங்கே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். சாப்பிட மட்டும் மாட்டேன் என்றார். டீச்சர் விடவில்லை. பசியோடு இருக்கிறவன்தான் பசியில்லை என்பான் என்று அவருக்குத் தெரியும். கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்துச் சோற்றைப் போட்டார். சவரிமுத்து அதில் பாதியை அள்ளி டீச்சரின் தட்டிலேயே வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்கம்மா. எனக்கு இது போதும்."

டீச்சர் ஆடிப்போனார். ஓர் ஏழை தனக்குச் சோறு போடுவதை அவர் எந்த ஞானோபதேச வகுப்பிலும் படிப்பித்ததில்லை. எப்படியாவது அவருடைய கூச்சத்தைப் போக்க வேண்டும், அதற்குத் தாங்களும் அவரைப் போலத்தான் என்று காட்டுவதே வழி என்று முடிவு செய்தார். எங்களுக்கு மட்டும் யார் இருக்கிறார்கள் என்று பேச்சைத் தொடங்கினார்.

உபசாரத்துக்காகத்தான் தொடங்கினார். மகன் மெல்போர்னில், மகள் டொராண்டோவில். இந்த வருஷம் வருகிறோம், அடுத்த வருஷம் வருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே பேரப்பிள்ளைகள் ஆளாகிவிட்டார்கள். காலையில் வீடியோவில் வந்தார்கள். நத்தார் வாழ்த்துச் சொல்லுமுன் சிக்னல் போய்விட்டது, திரும்ப எடுக்கவில்லை. இந்த மேசைக்கு ஆறு கதிரைகள், நாலை மேல்மாடிக்கு ஏற்றியாயிற்று. அதில் ஒன்றை இன்று இறக்கியபோது தூசு தட்ட வேண்டியிருந்தது. சொல்ல வந்தது பொய்யில்லை என்று டீச்சருக்கே அப்போதுதான் உறைத்தது. ராஜலிங்கம் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சவரிமுத்து எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து ராஜலிங்கத்தின் தோளில் கை வைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னது இதுதான், ஒரே மேசை, ஒரே கண்ணீர் என்று டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு நத்தார் தன் ஆயுளில் வந்ததில்லை என்று நினைத்தார். கூடவே நிலூஷாவின் ஞாபகமும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"நானே கேக்கணும்னு இருந்தேம்மா," என்றார் சவரிமுத்து. "எங்க கோயில் குரூப்புக்கும் ஒண்ணு போடணும்."

டீச்சருடையதைவிட நல்ல போனாக அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது டீச்சர் விக்கித்துப் போனார். தோட்டக் கோயிலுக்கும் வாட்ஸ்அப் குழுவா? அதில் தன் படம் எதற்கு? கேட்க வாயெடுப்பதற்குள் படம் எடுத்து, அனுப்பியும் ஆகிவிட்டது.

வாசலில் ஹோர்ன் சத்தம் பொறுமையில்லாமல் இரண்டு முறை கேட்டது. சவரிமுத்துவை ஏற்றி வந்த வேனின் சாரதி மர்சூக், தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். மேசையைப் பார்த்தார், பருப்பு ஒட்டியிருந்த சவரிமுத்துவின் தட்டைப் பார்த்தார், திடுக்கிட்டு நின்றார்.

"என்ன அண்ணே, இவங்கள ஏத்திட்டுப் போகத்தானே வந்தது, நீங்க உக்காந்து இவங்க சோத்தையே தின்னுட்டீங்களே? யாருமில்லாத பாவப்பட்ட குடும்பம் ஒண்ணு கண்டியில ஈக்கி, நத்தாருக்குக் கூட்டிட்டு வாங்கன்னு ஃபாதர் சொன்னதுக்கு, தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒருத்தரும் இன்னும் சாப்பிடாம இவங்களுக்காகக் காத்துக்கிட்டு ஈக்கிறாங்க."