கன்னியப்பன் தொலைத்த மாமனார் ஆர்மோனியம்

தன் வீட்டு ஆர்மோனியம் திருடு போயே தீர வேண்டும் என்று கன்னியப்பன் முடிவுக்கு வந்தபோது, மார்கழி வாசலில் நின்றது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். காவாந்தண்டலத்துப் பஜனை கோயிலில் வருஷா வருஷம் ஆர்மோனியம் வாசித்த பெரியவர், மகனோடு மெட்ராசுக்குப் போய்விட்டார். இனி யார் வாசிப்பது என்று பஜனை கோஷ்டித் தலைவர் வெங்கடேசன் டீக்கடையில் கவலைப்பட்டார். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த கன்னியப்பன், "நான் கீறேன் இல்ல?" என்றான். வாயில் வடை இருந்ததால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்காக இன்னொரு முறை சொன்னான்.

"எங்க மாமனாரு தெருக்கூத்துல வாசிச்ச பொட்டி எங்க வூட்லதான் கீது. கைய வெச்சா அதுவே பேசும்."

கையை வைத்தான். அது பேசவில்லை, முனகியது. செல்போனில் பாடம் பார்த்துப் பார்த்துத் துருத்தியை இழுத்தான். மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த அவன் மனைவி சசிரேகா செம்போடு ஓடிவந்தாள்.

"இன்னாய்யா, கன்னுக்குட்டி கவுத்துல மாட்டிக்கிச்சா?"

அன்றைக்குத்தான் அந்த முடிவு. வாசிக்கத் தெரியாது என்று வெங்கடேசனிடம் சொன்னால் மானம் போகும். பெட்டி போனால் மானம் தங்கும். மார்கழி முடிந்ததும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி, அந்தப் பேரையும் வாங்கிக்கொள்ளலாம்.

சசிரேகா நூறு நாள் வேலைக்குப் போன ஒரு காலையில், ஆர்மோனியத்தை யூரியா சாக்கில் போட்டு, வண்டியில் வைத்துக் கழனிக்குக் கொண்டுபோனான். மோட்டார் கொட்டகையில் பழைய பைப்புகளுக்கு அடியில் திணித்தான். வீடு திரும்பிப் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு, நடுவீட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். சசிரேகா வந்ததும் ஆரம்பித்தான்.

"போச்சு சசி! உங்கப்பா பொட்டிய எவனோ தூக்கிக்கினு பூட்டான்!"

பீரோவின் மேலே பெட்டி இருந்த இடம் காலி. பீரோவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சசிரேகா இரண்டையும் பார்த்தாள்.

"வேற இன்னா போச்சு?"

"வேற ஒண்ணும் போவல."

"பீரோ மேல கீற பொட்டிய எடுத்தவன் பீரோவத் தொறக்கலியா?"

"அவனுக்கு சங்கீதத்துலதான் இஷ்டமோ இன்னாவோ."

"டிவி?"

"ஞானம் உள்ள திருடன் சசி. டிவியெல்லாம் பாக்க மாட்டான்."

அவள் அழவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "கெளம்பு. உத்திரமேரூர் ஸ்டேசனுக்குப் போலாம்" என்றாள்.

ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாணாம் சசி. போலீசுன்னா பேஜாரு. நாய இட்டுக்கினு வருவாங்க."

"வரட்டுமே. மோப்பம் புடிச்சி நேரா ஆளு மேல பாயும்."

"அதாம்மே பயம்!" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "நாய்க்கு எதுக்கு செரமம்? நானே கண்டுபுடிக்கிறேன்."

"நீ?"

"நானேதான்."

"சரி. மார்கழி முடியசொல்ல எங்கப்பா பொட்டி வூட்டுக்கு வந்துரணும்."

இவ்வளவு சுலபமாகத் தப்பிப்போம் என்று அவன் நினைக்கவில்லை. மறுநாள் சீட்டி அடித்துக்கொண்டே கழனிக்குப் போனான். பைப்புகளைத் தூக்கினான். சீட்டி பாதியில் நின்றது.

சாக்கு இல்லை.

"ஐயோ, திருடன்!" என்று இந்த முறை நிஜமாகவே கத்த வந்தது. கத்த முடியாது. ஏற்கெனவே திருடு போன சாமான் மறுபடி எப்படித் திருடு போகும்?

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்பா செத்தபோது நகை, பாத்திரம் எதிலும் பங்கு கேட்காமல், அந்தப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் சசிரேகா. ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு முன்னால் அதற்குத்தான் பொட்டு வைப்பாள். அதைப் போய் யூரியா சாக்கில் கட்டித் தொலைத்துவிட்டான்.

சோறு இறங்கவில்லை. பழைய இரும்புக்கடை ஒன்று விடாமல் ஓரிக்கை வரைக்கும் அலைந்தான். கிடைக்கவில்லை. கடைசியில் காஞ்சிபுரத்தில் பழைய வாத்தியம் விற்கிற கடையில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பெட்டி கண்ணில் பட்டது.

"எத்தன கட்டையிலண்ணே பாடுவீங்க?" என்று கேட்டான் கடைக்காரன்.

"எல்லாக் கட்டையும் இருக்கணும்பா. ஒண்ணு கொறஞ்சாலும் என் பொண்டாட்டி கண்டுபுடிச்சிருவா."

வாங்கி, புழுதியில் ஒரு புரட்டுப் புரட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"ஏரிக்கரைல கெடந்துச்சு சசி! திருடன் தூக்க முடியாம போட்டுட்டு ஓடிட்டான்!"

சசிரேகா பெட்டியைத் துடைத்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடது கை துருத்தியை அசைக்க, வலது கை கட்டைகள் மேல் ஓட, கூத்தில் ராஜா மேடைக்கு வரும்போது வாசிக்கிற பாட்டு கணீரென்று வீட்டை நிறைத்தது. கன்னியப்பன் வாயைப் பிளந்தான்.

"உனுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"யாரு கேட்டீங்க?" என்றாள் அவள். "இது எங்கப்பா பொட்டி இல்லய்யா. அது கொரலு எனக்குத் தெரியாதா?"

கன்னியப்பன் பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். டீக்கடை வடையில் ஆரம்பித்துக் காணாமல் போன சாக்கு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினான். "நான்தான் சசி அந்தத் திருடன். ஆனா என்ன விடப் பெரிய திருடன் ஒருத்தன் கீறான். உங்கப்பா பொட்டிய நெஜமாவே தொலச்சிட்டேன்."

சசிரேகா துருத்தியை மூடிப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நாஷ்டா துன்னியா?"

"எறங்கல சசி."

"எறங்கும், துன்னு. அந்தப் பெரிய திருடன் நான்தான்."

"இன்னாது?"

"அன்னிக்கி நூறு நாள் வேல நம்ம கழனிக் கால்வாயிலதான்யா. நீ வண்டில சாக்க வெச்சிக்கினு போனத ஊரே பாத்துச்சு, நீதான் யாரையும் பாக்கல. 'உங்கூட்டுக்காரு ஒரம் போடப் போறாரு'ன்னாங்க. வண்டி மேட்டுல எகிறசொல்ல சாக்கு 'ங்ஙேய்'னு கத்திச்சு. எந்த ஒரம்யா கத்தும்?"

அன்றைக்கே அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வெங்கடேசன் வீட்டில் வைத்துவிட்டாள். மத்தியானங்களில் அங்கேதான் அவள் பழகிக்கொண்டிருந்தாளாம். மார்கழி முழுக்க அவளே வாசிப்பதென்று கோஷ்டியில் பேசியும் முடித்துவிட்டார்களாம்.

கன்னியப்பனுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டி பத்திரம். அவன் வாசிக்கவும் வேண்டாம். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த உரமூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எட்டு இட்லி தின்றான்.

மார்கழி முதல் நாள் விடியலில் பஜனை கோயிலில் சசிரேகா அப்பாவின் ஆர்மோனியத்தோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கன்னியப்பன் தூணோரம் ஒதுங்கினான். வெங்கடேசன் விடவில்லை. கூப்பிட்டுக் கையில் ஒரு ஜோடி ஜால்ராவைத் திணித்தார்.

"ஐயோ, எனக்கு இதும் பயக்கம் இல்லண்ணே!"

சசிரேகா கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வூட்ல போடறதுதானேய்யா, அதையே இங்கயும் போடு."