உட்கார்ந்தபடியே நாலு கிலோமீட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நகராட்சி மைதானத்தில் ஐந்நூறு பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். யாரும் தண்டனை கொடுக்கவில்லை. தாங்களாகவே வந்து, டோக்கன் வாங்கி, இடித்துப் பிடித்து முன்னால் போய், பிறகு ஒற்றைக் காலில் நின்றார்கள். நிற்கச் சொன்ன பேராசான் மேடையில் நின்றார். அவர் மட்டும் இரண்டு காலில் நின்றார்.

எந்தக் கல்லூரியில் பேராசான் என்று கேட்கக் கூடாது. கேட்டால் முன்வரிசை முறைக்கும். வெள்ளை உடுப்பு, ஒட்டிய வயிறு, அறுபது வயதென்று சொல்லிக்கொண்டாலும் நாற்பதைத் தாண்டாத உடம்பு. அந்த உடம்புதான் அவருடைய விளம்பரப் பலகை. போதாததற்கு முதுகுக்குப் பின்னால் துணியில் பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார்கள்: 'ஓட வேண்டாம், குனிய வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.' இப்படி ஒரு வாசகத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிற மனவலிமை மனித குலத்துக்கு இன்னும் வரவில்லை.

சரக்கு ஒரு செம்பு வளையம். கணுக்காலில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே உடம்புக்குள் பிராணன் நாலு கிலோமீட்டர் ஓடிவிடும். போகிற வழியில் பன்னிரண்டு ஆசனத்தையும் போட்டுவிடும். வியர்வை உள்ளேயே சுரந்து உள்ளேயே காய்ந்துவிடுமாம். "டிவி பாத்துக்கிட்டே உக்காரலாமா ஐயா?" என்று ஒருவர் கையைத் தூக்கிக் கேட்டார். "தாராளமாக" என்றார் பேராசான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கைதட்டாத இரண்டு கை நாலாவது வரிசையில் இருந்தது. அது டேப்பக்காவின் கை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சீருடை தைக்கிற கடை அவளுடையது. கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் அந்தப் பெயர். பக்கத்தில் நின்று உள்ளங்கை சிவக்கத் தட்டியவர் அவளுடைய கணவர், பேருந்து டிரைவர்.

டிரைவருக்கு நேரம் சரியில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் இது பகுத்தறிவுக் கதை, ஆகவே சர்க்கரை சரியில்லை என்று சொல்லுவோம். இரண்டு மாதத்துக்கு முன்னால் பணிமனை மருத்துவர் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, தாளை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "மூணு மாசம் தர்றேன். இறக்கிக்கிட்டு வாங்க. இறங்கலைன்னா ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். அம்பது பேரை வச்சு ஓட்டுற ஆளு பாதி வழியில மயங்கி விழுந்தா, அந்த அம்பது பேர் என்ன பண்ணுவாங்க?"

சுகாதார நிலையத்து நர்சம்மா வழி சொன்னாள். மாத்திரையை வேளை தவறாமல் போட வேண்டும். காலையில் அரை மணி ஓட்டம், ஓட முடியாத இடத்தில் நடை. மாலையில் கொஞ்சம் யோகா. தினமும். "தினமும்" என்பதை மட்டும் அவள் மூன்று தடவை சொன்னாள்.

டேப்பக்காவும் கூடவே ஓடினாள். தனியாக விட்டால் அவர் டீக்கடை வரைக்கும் ஓடி அங்கேயே நின்றுவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். முதல் நாள் வாய்க்கால் ரோட்டில் மூன்றாவது மின்கம்பத்தில் டிரைவருக்கு நாக்குத் தள்ளியது. இரண்டாம் வாரம் எட்டாவது கம்பம். மாலையில் துணி வெட்டுகிற அறையில் பாயை விரித்து நர்சம்மா கொடுத்த படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கையைக் காலை நீட்டினார்கள். எல்லா ஆசனத்திலும் டிரைவர் முனகினார். சவாசனத்தில் மட்டும் குறட்டை விட்டார். ஏழு வாரத்தில் பேன்ட் இடுப்பு ஒன்றரை இஞ்சு குறைந்தது. அளந்தவள் டேப்பக்கா. சர்க்கரையும் இறங்க ஆரம்பித்திருந்தது.

எட்டாவது வாரம் பேராசான் ஊருக்குள் வந்தார்.

காலை ஓட்டச் சங்கத்தின் செயலாளரே அவரை அழைத்து வந்தார். ஓட்டச் சங்கம், ஓட வேண்டாம் என்று சொல்கிறவரை மாலை போட்டு வரவேற்றது. செயலாளர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வேலையில் இருந்த காலத்தில் ஒரு சாண் நிலம் தப்பாகக் காட்டமாட்டார் என்று பேர் எடுத்தவர். மூட்டுவலி வந்ததும் அளவு தப்பிவிட்டது.

"சோதனை செய்துகொள்ள யாராவது வரலாம்" என்றார் பேராசான். டிரைவர் மேடைக்குத் தாவினார். இரண்டு காலையும் சேர்த்து நின்று, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார்கள். பேராசான் இரண்டு விரலால் கையை அழுத்தினார். டிரைவர் சாய்ந்து தள்ளாடினார். பிறகு வளையத்தை மாட்டினார்கள். மறுபடி அழுத்தல். டிரைவர் கல்தூணாக நின்றார். அடுத்து குனிந்து தரையைத் தொடச் சொன்னார்கள். வளையம் இல்லாமல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போன விரல், வளையத்தோடு குனிந்தபோது கணுக்காலைத் தொட்டது. கூட்டம் "ஆ" என்றது. டிரைவர் கண்கலங்கிவிட்டார். அன்றைக்கு வாங்கிய வளையத்தைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

மறுநாள் காலை டேப்பக்கா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வரலையா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கேன். ரெண்டாவது கிலோமீட்டர். பேச்சுக் குடுக்காத, மூச்சு வாங்கும்."

அவள் தனியாக ஓடப் போனாள்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. டிரைவர் தினமும் அரை மணி நேரம் 'ஓடினார்'. ஓடிய களைப்புக்கு ஒரு தட்டு அதிகமாகச் சாப்பிட்டார். இடுப்பு ஒன்றரை இஞ்சைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கேட்டால், அது கொழுப்பில்லை, தேங்கின பிராணன் என்றார். ஒரு நாள் சட்டைப் பையில் பிரிக்காத மாத்திரை அட்டையை டேப்பக்கா கண்டெடுத்தாள்.

"இது ஏங்க முழுசா இருக்கு?"

"வளையத்தோட மாத்திரை போட்டா ரெண்டும் சண்டை போடுமாம். ஐயா சொன்னாரு."

அவள் கையைப் பிடித்து நர்சம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். எண் பழைய இடத்தையும் தாண்டி நின்றது. "இந்த ஆளு இப்ப பஸ் ஓட்டுறாரா?" என்று நர்சம்மா கேட்டாள். டிரைவர் தரையைப் பார்த்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "உள்ள இருக்கிற சர்க்கரையை வளையம் வெளிய தள்ளுது. அதான் ஏறின மாதிரி காட்டுது."

இப்படிப் பேசுகிறவரிடம் வாதம் பண்ணிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கத்தினாலும் அழுதாலும் நடக்காது. ஆனால் அன்றைக்கு மேடையில் ஏதோ ஒன்று அவள் கண்ணில் உறுத்தியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பிறத்தியார் தோளையும் கையையும் அளக்கிற கண் அது. அரை இஞ்சு பிசகினால் சட்டை திரும்பி வந்துவிடும்.

"ஏங்க, சும்மா எழுந்து நில்லுங்க. வளையத்தைக் கழட்டிட்டு, அன்னைக்கு மாதிரி கையை நீட்டுங்க."

மணிக்கட்டைப் பிடித்து, உடம்பைவிட்டு ஒரு நூல் வெளிப்பக்கமாக அழுத்தினாள். சாய்ந்தார். முழங்கைக்கு அருகில், உடம்பை நோக்கி உட்பக்கமாக அழுத்தினாள். அசையவில்லை. வளையம் மேஜைமேல் கிடந்தது. மேடையில் பேராசானின் விரல் இடம் மாறியதும் இப்படித்தான். குனியச் சொல்லி விரல் நுனியிலிருந்து தரை வரைக்கும் டேப் பிடித்தாள். பத்து இஞ்சு. நிமிர்ந்து மறுபடி குனியச் சொன்னாள். ஏழு. முதல் தடவை இறுகிக் கிடந்த நரம்பும் சதையும் இரண்டாம் தடவை இளகிக் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் டிரைவர். "வளையத்தோட சக்தி உடம்புல ஊறிடுச்சு. கழட்டினாலும் வேலை செய்யுது."

டேப்பக்கா டேப்பைச் சுருட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது முகாம். நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய், வளையம் வெறும் ஏமாற்று என்றாள். அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு, பழைய நில அளவையாளர் கொஞ்சம் விழித்துக்கொண்டார். "சரி, அளந்தே பாத்துடுவோம். உன் வாயை அடைச்ச மாதிரியும் இருக்கும்." சங்கத்து ஆட்களிடமிருந்து அஞ்சு வளையம் வாங்கிக் கொடுத்தார்.

அதே கனத்தில் வேலிக் கம்பியை வளைத்து இன்னும் ஐந்து செய்துகொண்டாள் டேப்பக்கா. பத்தையும் கறுப்புத் துணிக்குள் வைத்துச் சுற்றிலும் தைத்தாள். செயலாளர் பத்தையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கினார். எது செம்பு, எது வேலி என்று இனி அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

இரண்டாவது முகாமில் கூட்டம் இரட்டிப்பு. கேள்வி நேரத்தில் டேப்பக்கா பணிவாகக் கையைத் தூக்கினாள். அவளிடம் மைக் வந்தது.

"ஐயா, செம்பு பட்டா சில பேருக்குக் கால் அரிக்குது. துணி உறை போட்டுக்கிட்டா சக்தி குறையுமா?"

பேராசான் கருணையோடு சிரித்தார். "தங்கையே, இந்தச் சக்தியை இரும்புச் சுவரே தடுக்காது. துணி என்ன செய்யும்?"

"அப்ப உறை போட்டிருந்தாலும் நீங்க அழுத்திப் பாத்தா தெரிஞ்சிடும், இல்லையா?"

"ஒரு நொடியில்."

ஆயிரம் ஜோடிக் காது கேட்க அவர் சொன்ன அந்த ஒரு நொடி அவருக்கு நீளமாகப் போயிற்று. ஏனென்றால் செயலாளர் பத்துப் பேரை மேடையில் ஏற்றிவிட்டார். ஒன்பது பேர் சங்கத்துக்காரர்கள், ஒருவர் டிரைவர். சொந்த வளையத்தைக் கழற்றிவிட்டு வந்த பத்துப் பேர் கணுக்காலிலும் கறுப்பு உறை மட்டும்.

"இதுல அஞ்சு பேர்கிட்ட உங்க வளையம் இருக்கு, மத்த அஞ்சு பேர்கிட்ட இல்லை" என்றாள் டேப்பக்கா. "அந்த அஞ்சு பேரை மட்டும் பிரிச்சுக் காட்டுங்க, போதும்."

பேராசான் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பக்தியோடு கும்பிட்டார். கூட்டம் கைதட்டியது. தன்னை நம்புகிறவர்களின் கைதட்டலைப் போல ஏமாற்றுக்காரனை மாட்டிவிடுவது வேறொன்றில்லை. அவர் ஒவ்வொரு கையாக அழுத்தினார். சிலர் சாய்ந்தார்கள், சிலர் நின்றார்கள். டிரைவர் மலைபோல நின்றார். "இவரிடம் பிராணன் பொங்குகிறது" என்று தனியாகப் பாராட்டுப் பெற்றார். ஐந்து பேர் ஒரு பக்கம் பிரிக்கப்பட்டார்கள்.

டேப்பக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தாள். தையலைப் பிரித்தாள். முதல் உறையில் வேலிக் கம்பி. இரண்டாவதில் செம்பு. மூன்றாவதில் கம்பி. நாலாவதில் செம்பு. ஐந்தாவது, பிராணன் பொங்கிய டிரைவரின் உறை. அதைப் பிரித்து அவர் கையிலேயே கொடுத்தாள். துரு ஏறிய வேலிக் கம்பி.

டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டிருந்தாலும் ரெண்டு மூணு சரியா வந்திருக்கும்" என்று மைக்கில் சொன்னாள் டேப்பக்கா.

"இங்கே ஒரு சந்தேகப் பார்வை இருக்கிறது" என்றார் பேராசான். "அது சக்தியைத் தடுக்கிறது."

"இரும்புச் சுவர் தடுக்காது, என் பார்வை தடுக்குமா? அப்ப இரும்பைவிட நான் கெட்டிதான்."

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. அவள் செயலாளரை நிறுத்தி, வெறுங்காலோடு கையை நீட்டச் சொன்னாள். வெளிப்பக்கம் அழுத்தினாள், சாய்ந்தார். பிறகு அவருடைய சட்டைப் பையில் ஒரு நூல்கண்டைப் போட்டாள். உட்பக்கம் அழுத்தினாள், நின்றார். "எங்க கடை நூலுக்கும் சக்தி இருக்கு போல." பிறகு அழுத்துகிற விதத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு நிமிடத்தில் மைதானம் முழுக்க ஒருவர் கையை ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தார்கள். கணவன்மார் சாய்ந்தார்கள், மாமியார்கள் சாய்ந்தார்கள், சாய்த்த மருமகள்கள் ரொம்பவே சந்தோஷப்பட்டார்கள். இந்தக் கலகலப்பில் பேராசானுக்கு அவசர தியானம் வந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் நின்ற காரில் ஏறித் தியானம் செய்யப் போனவர் திரும்பவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அதற்குப் பிறகும் மேடையேறிய பத்துப் பேரில் ஒருவர் வந்து, "வளையம் பொய்யா இருக்கலாம், ஆனா எனக்கு வேலை செஞ்சதே" என்றார். அவர் உறையைப் பிரித்தால் அதிலும் வேலிக் கம்பிதான் இருந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது டிரைவர் சொன்னார்: "நீ கீழே விழுந்து கும்பிட்டுக் கேட்டிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் கேக்கல."

கெடுவுக்கு இரண்டே வாரம் இருந்தது. மாத்திரையும் ஓட்டமும் பாயும் திரும்பி வந்தன. ஆனால் தூங்கிப்போன வாரங்களை உடம்பு தள்ளுபடி செய்யவில்லை. எண் இறங்கியது, தேவையான அளவுக்கு இறங்கவில்லை. மருத்துவர் ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் பணிமனையில் டயர் கணக்கு எழுத உட்கார வைத்தார். கூட இருந்தவர்கள், "இப்பவும் உக்காந்தே ஓடுறீங்களா?" என்று கேட்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு எழுதினார். மழையிலும் ஓடினார். தலைவலி என்று டேப்பக்கா படுத்திருந்த ஒரு காலையில் அவரே அவளை எழுப்பி, கூட நடந்தார். எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. அதுதான் அந்த வைத்தியத்தின் ஒரே குறை. இரண்டு மாதம் கழித்து பஸ் திரும்பக் கிடைத்தது.

முதல் வாரமே வெளியூர் வண்டி. நூறு கிலோமீட்டர் தள்ளி, விடிந்தும் விடியாத நேரத்தில், சாலையோரம் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தார். ஒட்டிய வயிறு, சீரான மூச்சு, முதுகில் ஒட்டிய ஈரச் சட்டை. பல வருஷமாக ஒரு நாள்கூட விடாமல் ஓடுகிறவனுக்கு மட்டும் வருகிற ஓட்டம். டிரைவர் வண்டியை மெதுவாக்கிப் பக்கத்தில் கொண்டு போனார். பேராசான் திரும்பிப் பார்த்தார். சீருடையில் இருந்தவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஐயா, வளையம் எங்க?" என்று கேட்டார் டிரைவர்.

பேராசான் இன்னும் வேகமாக ஓடினார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் டிரைவர் எதற்குச் சிரிக்கிறார் என்று புரியாமல் விழித்தார்கள். உங்களுக்குப் புரிந்திருக்கும். அடுத்த வளையக்காரன் உங்கள் ஊருக்கு வரும்போது அவன் கையில் வைத்திருப்பதைப் பார்க்காதீர்கள், அவன் காலில் போட்டிருப்பதைப் பாருங்கள். அது தேய்ந்துபோன ஓட்ட ஷூவாக இருந்தால், அவன் ஓடுகிறான், உங்களை உட்கார வைக்கிறான். நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். காலுக்கு வேலை கொடுப்பது பிறகு இருக்கட்டும், முதலில் தலைக்குக் கொடுங்கள்.