கண்டிப்பு இருக்குதுங்களா?

சித்திரை வெயில் ஏறியதும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலிருந்து பள்ளிக்கூட வாசல்களுக்குப் படையெடுக்கும் ஓர் இனம் உண்டு. கண்டிப்பு விரும்பி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அடையாளம் காண்பது எளிது. மற்ற பெற்றோர் வேன் எங்கள் தெரு வரைக்கும் வருமா, மத்தியானம் சாப்பாட்டை யார் ஊட்டிவிடுவார்கள், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் என்று விசாரிப்பார்கள். இவர் விசாரிப்பது ஒன்றே ஒன்றுதான். "கண்டிப்பு இருக்குதுங்களா?" மாம்பழக் கடையில் நின்று "இனிப்பா இருக்குமா?" என்று கேட்கிறோமே, அதே எச்சில் ஊறும் குரல்.

கண்டிப்பு யாருக்கு வேண்டும்? பிள்ளைகளுக்கு வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் டீச்சர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வேன் டிரைவர், வாட்ச்மேன், ஆயா, எதிரே பெட்டிக்கடை போட்டிருப்பவர், எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்கு வேண்டும். தனக்கு? அவர்தான் சின்ன வயதிலேயே முழுப் பத்தியமும் இருந்து முடித்துவிட்டாரே. இனிமேல் மருந்து மற்றவர்களுக்கு.

இவர் குலசாமிக்குக் கிடா வெட்டுவார்; பிள்ளையைச் சேர்ப்பது மட்டும் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில்தான். குலசாமி அருள் தரும், கண்டிப்பு தராது என்பது அவருடைய தத்துவம்.

பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரைக் காட்டுகிறேன்.

ராஜபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் அதிகாரியாக உயர்ந்தவர். வெளிநாட்டு பையர், சட்டை வாங்கும் முன்னால், தைக்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார். அதற்குப் பெயர் ஆடிட். வந்தவர் தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும்போது அவர்கள் வாயிலிருந்து நல்ல பதிலாக வரவைப்பது ராஜபாண்டியின் வேலை. அதற்கு ஒத்திகை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்தபடி, போனை ஸ்பீக்கரில் போட்டு நடத்துவார். சிங்கர் மிஷினில் தைக்கும் ஒச்சாயிக்கு நடந்த ஒத்திகையைக் கேளுங்கள்.

"ஒச்சாயி அக்கா, பாத்ரூம் போகணும்னா என்ன செய்வீங்க?"

"டோக்கன் வாங்கிட்டுப் போகணும்ல தம்பி."

"எந்த டோக்கன்? நம்ம கம்பெனியில ஏது டோக்கன்? எப்ப வேணும்னாலும் போகலாம். சொல்லுங்க."

"எப்ப வேணும்னாலும் போகலாம்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லணும்."

"எதுக்குத் தம்பி சிரிக்கணும், பாத்ரூம் போறதுக்கு?"

இதையெல்லாம் கேட்டபடி பக்கத்தில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருப்பாள் அவருடைய ஒரே மகள் அக்ஷரா. மூன்றரை வயது.

அந்த அக்ஷராவைத்தான் எல்கேஜியில் சேர்க்க, ஊருக்குள் பெயர்பெற்ற ஒரு சிஸ்டர்கள் பள்ளிக்கு அழைத்துப் போனார், மனைவி அபிராமியோடு. தலைமையாசிரியை சிஸ்டர் அமலி உட்காரச் சொன்னதுதான் தாமதம்.

"நல்லாக் கண்டிச்சு வளருங்க சிஸ்டர். கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க."

"அடிக்கறதெல்லாம் சட்டப்படி கூடாதுங்க."

சரக்கு தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னதுபோல ராஜபாண்டி முகம் தொங்கிப்போனது.

சிஸ்டர் குழந்தையின் பக்கம் குனிந்தார். "கண்ணு, வீட்ல அப்பா திட்டுவாரா?"

பழத்தின் பெயர், பூவின் பெயர், நிறத்தின் பெயர் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அக்ஷரா நிமிர்ந்து நின்றாள். பல் தெரியச் சிரித்தாள். ஒரே மூச்சில் சொன்னாள்:

"யாரும் திட்ட மாட்டாங்க. குடிக்கத் தண்ணி கிடைக்குது. பாத்ரூம் எப்ப வேணும்னாலும் போகலாம். ஓவர்டைம் இஷ்டப்பட்டாத்தான்."

அபிராமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டர் அமலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, ராஜபாண்டியைப் பார்த்துக் கேட்டார்: "எந்தக் கம்பெனிங்க?"

இடம் கிடைத்துவிட்டது.

ஜூன் மாதம் பெற்றோர் கூட்டம். சிஸ்டர் அமலி ஆசிரியர் நடத்தை விதிகளை மைக்கில் வாசித்தார். சேலைக்கு மேல் கோட்டு, வகுப்பில் செல்போன் கூடாது, உரத்த பேச்சுக் கூடாது; புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் சோதனைக் காலம்; அது முடியும்போது பெற்றோரிடமிருந்து நடத்தை பற்றிப் புகார் இருந்தால் வேலை உறுதி கிடையாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வந்ததைப் போல ராஜபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்கேஜி டீச்சரின் பெயர் கீதாஞ்சலி. வெள்ளகோவிலிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிறவர். போன வருடக் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால், அவருடைய சோதனைக் காலம் இந்தக் காலாண்டு விடுமுறையோடு முடிகிறது. வேலை உறுதியானால் ஆசிரியர் பிள்ளை என்ற முறையில் அவருடைய மகனுக்கும் அங்கேயே ஓர் இடம் உண்டு. அவனை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, அவர் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார்? தரையில் உட்கார்ந்து. ஏதோ ஒரு குழந்தையின் புத்தகப் பையைத் தலையில் வைத்து யானை ஆகி. அழுகிற பிள்ளை சிரிக்கும்வரை தானும் கூடவே அழுவதுபோல நடித்து. ஜூலைக்குள் அக்ஷரா ஞாயிற்றுக்கிழமையும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேனுக்காக வாசலில் நிற்க ஆரம்பித்தாள்.

ராஜபாண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குழந்தை சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறதென்றால் அங்கே ஏதோ தப்பு நடக்கிறது என்றுதானே அர்த்தம்? கண்காணிக்கத் தொடங்கினார். டீச்சர் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தார். சேலை ஓரத்தில் மண்ணைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே கேட்கும்படி சிரித்ததைக் கேட்டார். ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் டீ குடித்ததைப் பார்த்தார். அதுவும் நின்றுகொண்டு! உட்கார்ந்து குடித்திருந்தால் விட்டிருப்பாரா என்று கேட்காதீர்கள். உட்கார்ந்து குடித்திருந்தால் சொல்ல ராஜபாண்டியிடம் வேறொரு குறை தயாராக இருந்தது.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னார். சிஸ்டர் உடனே டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"புகாரைச் சம்பந்தப்பட்டவங்க முன்னாடி சொல்லணும். இங்க அப்படித்தானுங்க."

கண்டிப்பு விரும்பிக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே கண்டிப்பு இது. கீதாஞ்சலி கையில் களிமண்ணோடு வந்து நின்றதும் ராஜபாண்டி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க சார்" என்றார் சிஸ்டர்.

"நான் பொதுவாச் சொன்னேன் சிஸ்டர்."

"பொதுவான்னா என்னுங்க சார்?" என்றார் கீதாஞ்சலி. "தரையில உக்கார்ந்தது நானுங்களா, பொதுவுங்களா?"

"உங்களச் சொல்லல மேடம். ஒரு ஒழுக்கம்னு..."

"அப்ப புகார் இல்லைங்களா?" சிஸ்டர் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் ஒரு வேலையும் ஒரு பையனுக்கு இடமும் இருந்தன. ராஜபாண்டி கெட்டவர் அல்ல, வாயைத் திறந்தார், அந்த வார்த்தையைச் சொல்லவும் சொன்னார். "புகார்னு இல்ல சிஸ்டர். ஆனா, பாக்குறவங்க தப்பா நினைச்சிறக் கூடாதுல்ல."

அந்த 'ஆனா' போதுமானதாக இருந்தது. சிஸ்டர் அமலி நல்லவர்தான். ஆனால் சித்திரை வெயிலில் வாசலில் நிற்கும் கூட்டம் எதற்காக நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாதா? கண்டிப்பான பள்ளி என்ற பேரைக் காப்பாற்ற வேண்டியவருக்கு, சிரிக்கிற ஒரு டீச்சரைக் காப்பாற்றத் தைரியம் போதவில்லை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது எல்கேஜியில் புது மிஸ் நின்றார்.

என்ன டீச்சர் அவர்! கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. சிரிப்பு கிடையாது. தரைக்கும் அவருக்கும் செருப்பைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, வாயில் விரல் வைத்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படத்தை யாரோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட, "இப்பத்தான் ஸ்கூல் மாதிரி இருக்கு" என்று ராஜபாண்டி எழுதி மூன்று கும்பிடு போட்டார்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். அக்ஷரா நனைந்த பாவாடையோடு வேனிலிருந்து இறங்கினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேன் ஹாரன் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அபிராமி தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "பாத்ரூம் வருதுன்னு மிஸ்கிட்ட கேக்கலியாடா தங்கம்?"

"கேட்டேன். மணி அடிச்சப்புறந்தான்னு சொன்னாங்க."

"அவசரம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சிரிச்சுக்கிட்டேதாம்மா சொன்னேன்."

அபிராமி எழுந்தாள். கணவனைப் பார்த்தாள். "உங்க ஒச்சாயி அக்காவுக்காச்சும் டோக்கன் குடுப்பீங்க" என்றாள்.

இப்போது ராஜபாண்டி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். கதையில் என்றால் திருந்தியிருப்பார். இது கதை இல்லையே, பிராணி வர்ணனை அல்லவா? மாற்றுப் பாவாடையை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அக்ஷராவைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய் அவளை ஆயாவிடம் விட்டார். அவள் ஆயாவின் இடுப்பில் இருந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பையை ஆயாவிடம் கொடுக்க மறந்து அவர் நேராக சிஸ்டர் அறைக்குப் போனார்.

"நாலு வயசுப் பிள்ளைகிட்ட இவ்வளவு கண்டிப்பா சிஸ்டர்? அந்த கீதாஞ்சலி மிஸ்ஸையே திரும்பப் போடுங்க."

"அவங்க வெள்ளகோவில்லயே ஒரு ஸ்கூல்ல சேர்ந்துட்டாங்க. பையனுக்கும் அங்கயே இடம் குடுத்துட்டாங்களாம். அன்னைக்கு நீங்க..."

"நான் பொதுவாத்தான சொன்னேன்! அதுக்காக அப்படி ஒரு நல்ல டீச்சர விட்டுர்றதா? கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். நிர்வாகத்துல கண்டிப்பு பத்தல."

புது மிஸ்ஸிடம் சொல்லிவைப்பதாகச் சிஸ்டர் சொன்னார். ராஜபாண்டி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில், அடுத்த வருடச் சேர்க்கைக்கு விசாரிக்க வந்த ராயபுரம் கட்பீஸ் வியாபாரி காஜா மொய்தீன், மகனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இவரைப் பார்த்ததும் நகர்ந்து நெருங்கி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, இங்க கண்டிப்பு எப்படிங்க?"

மாற்றுப் பாவாடை இருந்த மஞ்சள் பை இன்னும் ராஜபாண்டியின் கையில்தான் இருந்தது. அதை மெதுவாகப் பின்பக்கம் தள்ளினார். முதுகை நிமிர்த்தினார்.

"கேக்கவே வேணாம் பாய். பிள்ளைக மூச்சு விடாது."

காஜா மொய்தீனுக்கு வாய் ஊறியது. மடியிலிருந்த பையன் மட்டும் மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டான்.

இதுவரை பொறுமையாகப் படித்தீர்கள். நடுவே எங்கேயாவது, காலண்டரைப் பார்த்துக்கொண்டு அவர் 'பொதுவா' என்று இழுத்தாரே, அந்த இடத்திலோ, 'கண்டிப்பு பத்தல' என்ற இடத்திலோ, "இந்த ஆளை அந்தச் சிஸ்டர் நாலு வார்த்தை நன்றாகக் கண்டித்து அனுப்பியிருக்க வேண்டும்" என்று உங்களுக்குத் தோன்றியதா? பல்லைக் கடித்துக்கொண்டு தோன்றியதா?

அப்படியானால் வாருங்கள். பெஞ்சில் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். இந்த வகுப்பில் சேர இன்டர்வியூ கிடையாது. உங்களுக்கு அட்மிஷன் கிடைத்துவிட்டது.