சற்றலைற் அண்ணைக்குத் தெரியாத கோடு

டென்மார்க்கில் 'தெரியாது' என்ற சொல்லை வாயால் சொல்லாத ஒரே தமிழர் எங்கள் சற்றலைற் அண்ணைதான். எங்கள் ஊரான கோல்டிங்கில் செயற்கைக்கோளின் பெயரே அவருக்கு ஒட்டிவிட்டது; சொந்தப் பெயர் நகரசபைக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே ஞாபகம்.

பகலில் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்குவார். இருட்டினால் முக்காலியில் கமராவை ஏற்றி வானத்தைப் படம் எடுப்பார். கமராவின் கண் முப்பது விநாடி திறந்திருக்கும். அதற்குள் நகர்கிற வெளிச்சம் எதுவானாலும் படத்தில் கோடாக விழுந்துவிடும். கேட்காமல் வந்து விழும் அந்தக் கோடுகளுக்குப் பெயர் சொல்லத்தான் தான் பிறந்ததாக அவர் நம்பினார்.

"விட்டு விட்டு எரிஞ்சால் பிளேன். ஒரே சீராய் ஓடினால் சற்றலைற். நடு பருத்து நுனி மெலிஞ்சால் எரிநட்சத்திரம். இதுக்கு மேலை என்ன கிடக்கு?" என்பார்.

ஒருமுறை பக்கத்து வீட்டு டேனிஷ்காரர், வானத்தில் வெளிச்சங்கள் வரிசை கட்டிப் போவதைக் கண்டு வெலவெலத்துப்போய் அவர் கதவைத் தட்டினார். அண்ணை சாரத்தோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். புதிதாக ஏவிய சற்றலைற்றுகள், பயப்பட ஒன்றுமில்லை என்று டேனிஷில் அறிவித்துவிட்டுப் புட்டுக்குத் திரும்பினார். மறுநாள் அந்த மனிதர் கேக்கோடு வந்தார்.

எங்கள் புதுவீடு குடிபூரலுக்குப் படம் எடுக்க அவரைக் கூப்பிட்டது என் புத்திகெட்ட வேலை. விடியற்காலை இருட்டில் உள்ளே பால் பொங்கியபோது அவர் வெளியே புல்வெளியில் நின்றார். ஆல்பத்தில் எங்கள் கூரை இருக்கிறது, அதற்கு மேலே விண்வெளி நிலையம் இருக்கிறது, நாங்கள் இல்லை. என் மனைவி மலர் சண்டைக்குப் போனாள். வீடு எங்கேயும் ஓடிவிடாது, விண்வெளி நிலையம் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்று அவளுக்கே விளக்கம் சொல்லி அனுப்பினார்.

இந்த மனிதர் எப்போது சறுக்குவார் என்று பல வருடமாகக் காத்திருந்தவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்.

போன வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. இரத்தக்குழாயில் அடைப்பெடுத்து அனுப்பினார்கள். இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று மலரின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து எனக்கும் வானத்தின்மேல் திடீர்க் காதல் பிறந்தது. மார்கழியில் வேலை முடியும்போதே இருட்டிவிடும். அண்ணைக்கு உதவி என்று சொல்லிக் கடற்கரைக்குப் போவேன். அவர் கமராவோடு மல்லுக்கட்டும்போது நான் தள்ளிப்போய் ஒன்று பற்றவைப்பேன்.

நத்தார் விடுமுறைக்கு முன் ஊர்த் தமிழரின் ஒன்றுகூடல் வந்தது. அண்ணை தன் படங்களைப் பெரிய திரையில் ஓடவிட்டு, கோடு கோடாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் கடலுக்கு மேலே சிவப்பாய் ஒரு கோடு. நெளிந்து நெளிந்து போய், மேலே ஏறி, அங்கே ஒரு பொட்டாகப் பிரகாசித்து, மறுபடி இறங்கியது. அந்தக் கடற்கரை எனக்குத் தெரியும்; நாற்காலியில் கீழே சரிந்தேன்.

"அண்ணை, இதென்ன கோடு?" என்று மலர் கேட்டாள்.

அவர் படத்தைப் பார்த்தார். பின்வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தெரியேல்லைத் தங்கச்சி" என்றார்.

வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். இவருக்கும் தெரியாத கோடு ஒன்று இருக்கிறது என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையின் காது சிவந்தது. அடுத்த படத்துக்குப் போனார்.

கார் நிறுத்தும் இடத்தில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, மூச்சு இழுக்கேக்கை வெளிச்சம் கூடுற சாமான் வானத்திலை ஒண்டும் இல்லை. இதை விட்டிடும். இன்னொருக்காத் தங்கச்சி கேட்டால் எனக்குத் தெரிஞ்சிடும்."

கையை நீட்டினார். சிகரெட் பெட்டியைக் கொடுத்தேன். குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வணக்கம்கூடச் சொல்லாமல் போனார். அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

அந்தப் படத்தை அண்ணையே பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து தந்தார். இப்போது அது எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. தூசி தட்டும்போதெல்லாம் மலர், "பாவம் அண்ணை, இது ஒண்டுதான் அவருக்குத் தெரியாமல் போச்சு" என்பாள். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.