பீப் அண்ணை நாள் சொல்ல மாட்டார்

பொய்யாகிவிடுமோ என்ற பயத்தில் உண்மையைக்கூட முன்கூட்டிச் சொல்ல மறுத்த மனிதர் மன்னார்த் தீவிலேயே ஒருவர்தான் இருந்தார். நாளைக்குக் கடை திறப்பீங்களோ என்று கேட்டால், "நாளைக்கு வந்து பாருங்கோ" என்பார். கலியாண வீட்டுக்கு அழைத்தால் வருவேன் என்று சொல்லமாட்டார். ஆனால் முதல் பந்தியில் இருப்பார்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பிய காலத்தில், அகதி முகாமிலிருந்து வந்து எங்கள் ஊரான பேசாலையில் ரேடியோ, போன் திருத்தும் கடை போட்டவர். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோனதற்கு அவர் செய்த பெட்டிதான் காரணம். பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஏதேதோ வைத்து ஒட்டியிருப்பார். படகின் முகம் கரைப்பக்கம் திரும்பினால் அது 'பீப், பீப்' என்று கத்தும். கடையில் விற்ற திசைகாட்டும் கருவியை வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய துணை. அவரும் பீப் அண்ணை ஆனார்.

ஆனால் மனிதருக்குக் கை சும்மா இராது. படகு கரையில் நிற்கும்போது பெட்டியைக் கழற்றி, லாப்டொப்பில் கொழுவி, உள்ளே ஓடும் புரோகிராமை மாற்றிவிட்டுத் திரும்பப் பூட்டிவிடுவார். அப்டேட் என்பார். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஒருமுறை ஒரு பெட்டி நடுக்கடலில் கோழிபோலக் கொக்கரிக்க, படகிலிருந்தவர்கள் வலையைக் கிளறிக் கோழி தேடினார்கள்.

மீனவர் சங்கக் கந்தோரில் நான்தான் எழுதுவினைஞர். முறைப்பாடெல்லாம் என்னிடம் வரும். முன்கூட்டிச் சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்பது எனக்குத் தீராத புதிராக இருந்தது. கேட்டும் பார்த்தேன். வேலை முடிந்த பிறகு தெரியும்தானே என்றார்.

தெரிந்த விதம்தான் பொல்லாதது. சரியாகப் போகிறவனுக்கு எதற்குச் சத்தம், பிழையாகப் போகிறவனுக்கல்லவா வேண்டும் என்று யோசித்து, பெட்டியைத் தலைகீழாக மாற்றிவிட்டார். கரைப்பக்கம் திரும்பினால் மௌனம். மற்றப் பக்கம் போனால் பீப். பற்றரியும் மிச்சமாம். அடுத்த நாள் மழையில் கரை மறைந்துபோக, மார்ட்டின் அண்ணை பெட்டியை நம்பிப் படகை விட்டார். அது கத்தக் கத்த, வீடு கிட்டுகிறது என்ற சந்தோசத்தில் இந்தியாவை நோக்கி விரட்டினார். எல்லைக்குக் கிட்ட எங்களூர்ப் படகொன்று மறித்துத் திருப்பியிராவிட்டால், அவர் நேரே இந்திய மறியற்சாலையில்தான் கரையேறியிருப்பார்.

சங்கக் கூட்டத்தில் மார்ட்டினின் மனைவி ஜெசிந்தா அக்கா எழும்பினா. இனி அப்டேட் செய்யும் நாளை முதலே அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பெட்டியும் கடலுக்குள் போகும் என்றா. பீப் அண்ணை மார்ட்டினிடம் மன்னிப்புக் கேட்டார். பெட்டிகளைப் பழையபடி ஆக்கித் தரவும் சம்மதித்தார். நாள் சொல்ல மட்டும் மாட்டேன் என்றார்.

"முகாமில எங்களை ஊருக்கு விட எத்தினை திகதி சொன்னவை. ஒவ்வொரு திகதிக்கும் நான் சட்டி பானை கட்டி வைச்சுக்கொண்டு இருந்தனான். அந்த வேலையை நான் இன்னொருத்தருக்குச் செய்யமாட்டன்."

கூட்டத்தில் இருந்தவர்களில் பலரும் அப்படி மூட்டை கட்டியவர்கள்தான். ஜெசிந்தா அக்காவின் குரலும் இறங்கியது.

"நாங்களும் கட்டினனாங்கள்தான். பிந்தினதுக்கோ உங்களுக்குக் கோவம்? பிந்துமெண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை எண்டுதானே? நீங்கள் நாளைச் சொல்லுங்கோ. ஏலாட்டி, ஏலாதெண்டும் வந்து சொல்லுங்கோ. அது காணும்."

பீப் அண்ணை கதிரையின் கையைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு, "ஓம், அது செய்யலாம்" என்றார்.

செய்தார், அளவில்லாமல் செய்தார். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஞாயிறு பூசை முடிய அப்டேட் என்று தெருத்தெருவாக அறிவித்தார். சனிக்கிழமை மறுபடி வந்து, வயிற்றுக் கோளாறு காரணமாகப் பிந்தும் என்றார். பெட்டியில் எது மாறும் என்பதைவிட எது மாறாது என்பதைச் சொல்லத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. வயிற்று விபரத்தையாவது குறைக்கும்படி கோயில் பங்குத்தந்தை ஆளனுப்பினார். மார்ட்டின் அண்ணை மட்டும் ஒரு அறிவிப்பையும் தவறவிட்டதில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, முருங்கனில் இருக்கும் தமக்கை கூப்பிடுகிறா, அடுத்த மாதம் கடையை மூடிவிட்டு அங்கேயே போறன் என்று அதே ஒலிபெருக்கியில் சொன்னார். மாத முடிவில், பிந்தும் என்றார். அதற்கடுத்த மாதமும் பிந்தும் என்றார். அப்படி அவர் சொல்லிவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும், ஜெசிந்தா அக்கா மார்ட்டின் கொண்டுவந்த மீனில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து அவருடைய கடைக்குக் கொடுத்துவிடுவா.