பன்னிரண்டு துவக்கும் பன்னிரண்டு லைட்டும்

லைட்டின் பிடி துவக்கில் உட்கார மறுத்தது. அம்பலவாணன் மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்தார். பிடியின் உள்ளே பல் வெட்டியிருந்தது. அந்தப் பல் கவ்வுவதற்குத் துவக்கின் அடியில் ஒன்றுமில்லை, வழுவழுவென்று மரம்தான்.

லண்டன் சவுத்தாலில், படம் எடுக்கிறவர்களுக்கு டம்மித் துவக்குகளை, அதாவது சுடாத துப்பாக்கிகளை, வாடகைக்கு விடும் கிடங்கு அது. அவருக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. இன்று கடைசி நாள். பன்னிரண்டு துவக்குக்கும் லைட் பூட்டி இரண்டு மணிக்குள் வான் வண்டியில் ஏற்றினால் வேலை நிரந்தரம் என்று வெள்ளைக்கார முதலாளி போனில் சொல்லியிருந்தார். சாமான் மேசையில் இருக்கிறதாம்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? வேலைக்குச் சேர்த்துவிட்ட மேற்பார்வையாளன் றமணன், ஆள் யாழ்ப்பாணம், கண்ணை மூடிக்கொண்டு துவக்கைக் கழற்றிப் பூட்டுவார் என்று முதலாளியிடம் அளந்து வைத்திருந்தான். அம்பலவாணன் ஊரில் வெங்காயம் நட்டவர். துவக்கை அவர் முன்பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடையில் வைத்து இறுக்கினார். லைட் நின்றது. ஆனால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

றமணன் எட்டிப் பார்த்தான். "என்னண்ணை, லைட் நிலத்தைப் பாக்குது?"

"பதுங்கிப் போறவன் கால் வைக்கிற இடத்தைப் பாக்கத்தானே வேணும்."

"அதுதான் அனுபவம் எண்டிறது," என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் போனதும் அம்பலவாணன் டியூபைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இரும்புக் கிளிப்பைப் போட்டு முறுக்கினார். லைட் நிமிர்ந்தது. இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். மரம் சடக்கென்று வெடித்தது.

வெடிப்பில் பசையை ஊற்றி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினார். பசை வழிந்து சுவிச்சுக்குள் போய் இறுகிவிட்டது. இனி அந்த லைட் அணையாது.

ஒரு துவக்கில் மட்டும் டேப் இருந்தால் சந்தேகம் வரும். ஆகவே மற்றப் பதினொன்றிலும் கிளிப்பால் லைட்டைப் பூட்டி டேப் சுற்றினார். ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தால் இன்னும் மோசம். ஆகவே மற்றப் பதினொன்றின் சுவிச்சையும் போட்டு, அதற்குள்ளும் பசை விட்டார். கிளிப்பை அளவாகத்தான் முறுக்கினார். அப்படியும் நாலு வெடித்தது.

ஒன்றே முக்காலுக்குப் பன்னிரண்டும் வரிசையாக எரிந்துகொண்டு கிடந்தன. றமணன் ஒரு லைட்டைப் பிடித்து இழுத்தான். லைட்டோடு துவக்கும் எழும்பி வந்தது.

"ஆட்டமே இல்லை," என்றவன் அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டான். பேசி முடித்ததும் அம்பலவாணனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். திங்கட்கிழமை கடிதம் வருமாம். பசை காயாத கை. விடுவிப்பதற்குச் சற்று நேரம் பிடித்தது.

வான் ஓட்டும் எமில்டா உள்ளே வந்தாள். பாரிசில் பத்து வருசம் லொறி ஓட்டிவிட்டு இங்கே வந்தவள். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"அண்ணை, லைட் பூட்டுற துவக்கு அங்கால மேசையில எல்லோ கிடக்குது, இது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலாம் ஆண்டுச் சண்டைப் படத்துக்குப் போறது."